பழைய பவர் டூல்களில் உடைந்த மக்னீசியம் பாகங்களை வெல்டிங் செய்து மீட்பது: முழுமையான வழிகாட்டி

பழைய மரம் அறுக்கும் மிஷின், செயின்சா, ரோட்டரி ஹேமர் ஆகியவற்றின் உடல் வெள்ளையாகவும் லேசாகவும் இருந்தால் அலுமினியம் என்றே முடிவு செய்துவிடுகிறோம். பல மிஷின்களில் அது மக்னீசியம். இது தெரியாமல் அலுமினிய ராடு (வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) போட்டு ஒட்டிய பாகங்கள், மாட்டி ஓட்டிய முதல் நாளே வெல்டிங்கை ஒட்டிய இடத்தில் கண்ணாடி போல உடைந்து வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். குறை வெல்டரின் கையில் இல்லை. உலோகம் எது என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மக்னீசியத்துக்கு வெல்டிங் பிடிக்காது என்ற பேச்சும் சரியல்ல. இன்று நாம் ஆர்கான் வெல்டிங் என்று சொல்லும் டிக் முறை பிறந்ததே மக்னீசியத்துக்காகத்தான். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனம் மக்னீசியத்தில் ஒரு போர் விமானம் கட்ட முனைந்தது. அதை ஒட்டுவதற்காக அங்கிருந்த ரஸ்ஸல் மெரிடித் டங்ஸ்டன் முனையையும் ஹீலியம் வாயுவையும் வைத்து உருவாக்கியதுதான் இந்த முறை. எனவே சரியான ராடும் சுத்தமான ஜாபும் (ஒட்ட வேண்டிய பாகம்) இருந்தால் இது நன்றாகவே ஒட்டும். ஆர்க் எரிகிற நேரம் இதில் சிறு பங்குதான். அதற்கு முன்னால் செய்கிற அடையாளம் காணுதல், சுத்தம், பிடித்து நிறுத்துதல் இவற்றில்தான் வேலையின் வெற்றி தோல்வி இருக்கிறது.

உதாரணத்துக்கு ஸ்கில் 77 என்ற வோர்ம் டிரைவ் (புழு கியரில் ஓடும்) வட்ட ரம்பத்தை எடுத்துக்கொள்கிறேன். 1920களில் எட்மண்ட் மிஷெல் உருவாக்கிய கை ரம்பத்தின் வழியில் வந்த இந்த மாடல் 1937இல் வெளியானது. அமெரிக்கத் தச்சர்கள் இன்றும் இதை வைத்து வேலை செய்கிறார்கள். அலுமினிய உடலில் ஏழு கிலோவைத் தாண்டும் ரம்பம், பின்னால் வந்த மக்னீசிய உடலில் சுமார் ஆறு கிலோவுக்கு இறங்கியது. நாள் முழுக்கக் கையில் பிடிப்பவருக்கு அந்த ஒரு கிலோ பெரிய விஷயம். ஆனால் கூரை மேலிருந்து ஒரு முறை கீழே விழுந்தால் அடித்தகட்டைத் தாங்கும் காது, கைப்பிடி ஸ்க்ரூ இறங்கும் முட்டு, கியர் ஹவுசிங்கின் ஓரம் என்று எங்காவது கீறல் விடும். செயின்சாவின் கிராங்க் கேஸுக்கும் பெரிய டிரில்லின் கியர் ஹெட்டுக்கும் இதே கதைதான். செயின்சா தயாரிக்கும் ஸ்டீல் (Stihl) நிறுவனம் ஜெர்மனியின் ப்ரூம் ஊரில் செயின்சாவுக்காகவே சொந்த மக்னீசிய வார்ப்பாலை நடத்துகிறது. செயின்சா உலகில் இந்த உலோகத்துக்கு அவ்வளவு பெரிய இடம்.

முதலில்: இது மக்னீசியம்தானா?

பெயின்ட் இல்லாத உள்பக்கத்தில் ஒரு சின்ன இடத்தை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். அதன் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மக்னீசியம் என்றால் அந்தக் கணமே நுரை பொங்கும், இடம் கறுக்கும். அலுமினியத்தில் ஒன்றும் நடக்காது. எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும். பார்த்ததும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் எடையைப் பாருங்கள். பாகத்தைக் கிராமில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தராசில் வைத்து, பாகத்தை நூலில் கட்டி, வாளியின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்க விடுங்கள். தராசு எவ்வளவு கூடுகிறதோ அத்தனை கன செ.மீ. பாகத்தின் பருமன். எடையைப் பருமனால் வகுத்தால் மக்னீசியக் கலவைக்கு 1.8க்குப் பக்கத்தில் வரும், அலுமினிய வார்ப்புக்கு 2.7க்குப் பக்கத்தில். ஆறுக்கு மேல் வந்தால் அது துத்தநாக வார்ப்பு. அதற்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

பவர் டூல் வார்ப்புகளில் மிகப் பரவலான கலவை ஏஇசட் 91. கிட்டத்தட்ட 9 சதவீதம் அலுமினியம், ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் துத்தநாகம், மீதி மக்னீசியம். இது சுமார் 470 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 595 டிகிரிவாக்கில்தான் முழுக்க உருகும். வார்ப்பில் அலுமினியம் செறிந்து நிற்கும் மணி (உலோகப் படிகம்) விளிம்புகள் 437 டிகிரியிலேயே உருகிவிடலாம். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாமல் உள்ளே விளிம்புகள் கரைந்து, ஆறும்போது கீறல் விடுவதற்கு இதுதான் காரணம். பாகத்தை முழுசாகச் சூடாக்கும்போது 300 டிகிரியைத் தாண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

வெல்டிங் செய்யலாமா, கூடாதா?

தேடினால் புதிய பாகம் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஸ்கில் 77 போல இன்னும் தயாரிப்பில் இருக்கும் மிஷினுக்குப் பல பாகங்கள் விலைக்கே கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன மிஷினுக்குத்தான் இந்தப் பாடு நியாயம்.

பிளேடு காவலின் கீல் பிடிக்கும் இடத்தில் உடைந்திருந்தால் நான் ஒட்ட மாட்டேன். சுற்றுகிற பிளேடுக்கும் உங்கள் தொடைக்கும் நடுவில் நிற்பது அது ஒன்றுதான். பேரிங் உட்காரும் துளையைக் கீறல் குறுக்கே வெட்டிப் போயிருந்தால், ஒட்டிய பிறகு லேத்திலோ மில்லிங்கிலோ அந்தத் துளையை மறுபடி போரிங் செய்ய வசதி இருந்தால் மட்டும் இறங்குங்கள். காது, முட்டு, ஓரம், அடித்தகடு, கைப்பிடித் தாங்கி எல்லாம் நல்ல வேட்பாளர்கள்.

பாரம் தாங்காத மூடி, சுவிட்ச் உறை போன்றவற்றுக்கு உலோகத் தூள் கலந்த இரட்டைக் குழாய் எப்பாக்சியே போதும். அதற்குப் போய் ஆர்க் பற்ற வைக்க வேண்டாம்.

நெருப்பைப் பற்றித் தெளிவாக

முழு வார்ப்பு எளிதில் தீப்பிடிக்காது. அது சூட்டை வேகமாகக் கடத்திவிடும். முழுசும் உருகுநிலைக்குப் பக்கத்தில் போனால்தான் பற்றும். ஆபத்து தூளிலும் சுருளிலும் இருக்கிறது. அரம் போட்ட மெல்லிய தூள் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். எரியும் மக்னீசியத்தின் சுடர் 3000 டிகிரியைத் தொடும், கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை வெளிச்சம் தரும்.

தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் மக்னீசியம் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனை வெளியேற்றும், அதுவும் சேர்ந்து வெடிக்கும். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரும் உதவாது. அந்த வாயுவிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு மக்னீசியம் எரிந்துகொண்டே இருக்கும். டி வகை தீயணைப்புத் தூள் வேண்டும். அது இல்லாவிட்டால் வெயிலிலோ அடுப்பிலோ நன்றாக உலர்த்திய மணல் ஒரு வாளி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஈர மணல் தண்ணீருக்குச் சமம்.

இரும்பு தேய்த்த அதே மேசையில் மக்னீசியத்தைத் தேய்க்காதீர்கள். இரும்புப் பொறியும் மக்னீசியத் தூளும் சேர்வதுதான் பட்டறைத் தீயின் ஆரம்பம். துருத் தூளோடு கலந்தால் இன்னும் மோசம். கிரைண்டிங் சக்கரத்தை விட கார்பைடு பர் (சுழலும் வெட்டு முனை) நல்லது. அது தூளாக்காமல் சிறு சிறு சில்லாக எடுக்கும். சில்லுகளை அவ்வப்போது பிரஷ்ஷால் கூட்டி, மூடியுள்ள உலர்ந்த தகர டப்பாவில் போடுங்கள். வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம். ஈரமான சில்லுகளை இறுக்கமாக மூடிய டப்பாவில் வைக்கவும் வேண்டாம், ஹைட்ரஜன் சேரும். பாக்கெட்டும் மடிப்பும் இல்லாத பருத்திச் சட்டை போடுங்கள்.

கழற்றுதல், சுத்தம் செய்தல்

இந்தப் பகுதிக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். ஒட்டாமல் போன வேலைகளில் பெரும்பாலானவற்றின் காரணம் இங்கேதான் இருக்கும்.

பேரிங், சீல், சுவிட்ச், வயர், தாமிரச் சுற்று எல்லாவற்றையும் கழற்றுங்கள். அலுமினியப் பாகம் எதுவும் ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. வோர்ம் டிரைவ் ரம்பத்தின் கியர் ஹவுசிங் வருஷக்கணக்கில் எண்ணெயில் ஊறியிருக்கும். வார்ப்பின் நுண்துளைகளிலும் கீறலிலும் எண்ணெய் புகுந்திருக்கும். மேலே துடைத்தால் போகாது.

மக்னீசியத்துக்கு ஒரு வசதி உண்டு. அலுமினியத்தைக் கரைத்துவிடும் காஸ்டிக் சோடா இதை ஒன்றும் செய்யாது. இரும்புப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் பத்தில் ஒரு பங்கு எடைக்குக் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் சோடா. 70, 80 டிகிரிக்குச் சூடாக்கி பாகத்தை அரை மணி நேரம் ஊற வைத்தால் கிரீஸும் பழைய பெயின்டும் உரிந்து வரும். முழு நீளக் கையுறையும் முகக் கவசமும் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள், கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம்.

நன்றாக அலசி உலர்த்திய பிறகு பாகத்தை ஓவனில் 130, 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். கீறல் ஓரமாகப் பழுப்பு எண்ணெய் கசிந்து வருவது தெரியும். அதை அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். அசிட்டோன் முழுக்க ஆறிக் காய்ந்த பிறகு மறுபடி சூடு காட்டுங்கள். துணியில் கறை ஏறாத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே தொடாதீர்கள். அதன் மிச்சம் ஆர்க் வெளிச்சத்தில் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய விஷ வாயுவாக மாறும்.

பழைய வார்ப்பின் உள்பக்கம் தங்கப் பழுப்பாக ஒரு மெல்லிய பூச்சு இருந்தால் அது பெரும்பாலும் குரோமேட் பூச்சு. துருப்பிடிக்காமல் இருக்கப் போட்டது. அதில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும். மணல் காகிதத்தால் உலர்வாகத் தேய்த்துத் தூளைப் பறக்க விடாதீர்கள். பி100 தர மாஸ்க் போட்டு, வெல்டிங் வரும் இடத்தைச் சுற்றி 25 மி.மீ. அகலத்துக்கு ஸ்கிராப்பரால் சுரண்டி எடுங்கள். அதற்கு அப்பால் இருக்கும் பூச்சை அப்படியே விடுவதுதான் பாகத்துக்கு நல்லது.

கீறலைத் திறப்பது

கண்ணுக்குத் தெரியும் கீறல் முழுக் கீறல் இல்லை. டை பெனட்ரன்ட் (கீறலுக்குள் ஊடுருவும் சிவப்புச் சாயம்) ஸ்ப்ரே அடித்து, துடைத்து, டெவலப்பர் (சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளைப் பூச்சு) அடித்தால் சிவப்புக் கோடு எங்கே முடிகிறது என்று தெரியும். அந்த முடிவில் 3 மி.மீ. துளை போடுங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் சூட்டில் கீறல் முன்னால் ஓடும். ஸ்ப்ரே மிச்சத்தை அசிட்டோனால் சுத்தமாக எடுத்துவிடுங்கள்.

பிறகு பர்ரால் 70, 80 டிகிரி வி வடிவப் பள்ளம் எடுங்கள். சுவரின் கனத்தில் கிட்டத்தட்ட முழுக்க இறங்கி, அடியில் ஒரு மி.மீ. மட்டும் வெட்டாமல் விட்டால் போதும். கடைசியாக, மக்னீசியத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிய புது ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்து, அரை மணி நேரத்துக்குள் வெல்டிங்கை ஆரம்பித்துவிடுங்கள். அலுமினியம் தேய்த்த பிரஷ் வேண்டாம்.

பிடித்து நிறுத்துவது

உடைந்த துண்டை அதன் இடத்தில் வைத்து, எதிர்ப் பாகத்தோடு அசல் ஸ்க்ரூவிலேயே பூட்டுங்கள். அடித்தகட்டின் காது என்றால் அடித்தகட்டையே ஜிக்காகப் பயன்படுத்தலாம். பக்கத்தில் பேரிங் துளை இருந்தால் அதன் அளவுக்கு இரும்பிலோ அலுமினியத்திலோ ஒரு டம்மி கடைந்து செருகுங்கள். துளை சுருங்குவதையும் நீள்வட்டமாவதையும் அது தடுக்கும்.

துண்டு தொலைந்து போயிருந்தால் ராடாலேயே கட்டி எழுப்ப வேண்டும். அடியில் முட்டுக்கு இரும்புத் தகடே போதும். மக்னீசியம் இரும்பில் கரையாது, ஒட்டாது. வார்ப்பாலைகளில் மக்னீசியத்தை இரும்புப் பாத்திரத்திலேயே உருக்குகிறார்கள். கிராஃபைட் தகடு வைத்தால் அதன் கறுப்பு மிச்சத்தை முழுக்க எடுக்க வேண்டும். மக்னீசியத்தின் மேல் கிராஃபைட் படிந்தால் ஈரத்தில் அரிப்பு வேகமாகும்.

ராடும் செட்டிங்கும்

வார்ப்புக்கு ஏஇசட் 92 அல்லது ஏஇசட் 101 ராடு. ஏஇசட் 61 முக்கியமாகத் தகட்டுக்கும் குழாய்க்கும் உரியது. அலுமினிய ராடான 4043, 5356 இரண்டும் கூடவே கூடாது. மக்னீசியமும் அலுமினியமும் ஏறத்தாழச் சம அளவில் கலக்கும் இடத்தில் உண்டாகும் சேர்மம் கடினமானது, ஆனால் வளையாமல் உடைவது. பீட் (வெல்டிங் கோடு) அழகாக விழும், தட்டினால் பிய்ந்து வரும். கடைக்காரர் "இதுக்கும் அலுமினிய ராடே போதும்" என்றால் பாகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ராடு மேலும் ஆக்ஸைடு படியும். ஸ்டெயின்லெஸ் கம்பளியால் தேய்த்து அசிட்டோனால் துடைத்த பிறகே கையில் எடுங்கள்.

வெல்டிங் மிஷின் ஏசி மின்னோட்டத்தில் இருக்க வேண்டும். மேற்பரப்பு ஆக்ஸைடு 2800 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதை உடைத்தெடுப்பது ஏசியின் பாசிட்டிவ் பாதி. பாலன்ஸில் எலக்ட்ரோடு நெகட்டிவ் 65 சதவீதம், அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து ஆரம்பியுங்கள். 2.4 மி.மீ. லாந்தனம் கலந்த டங்ஸ்டன், தூய ஆர்கான் நிமிஷத்துக்கு 8 முதல் 12 லிட்டர். 3, 4 மி.மீ. சுவருக்கு 70 முதல் 110 ஆம்பியர் வரை போகும். கால் பெடல் இருந்தால் மிக நல்லது.

வெல்டிங்

பாகத்தை ஓவனில் 150 முதல் 175 டிகிரிக்குச் சூடாக்குங்கள். பளபளக்கும் உலோகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் குறைத்தே காட்டும். ஓரத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்து அதைக் குறிபார்த்தால் சரியான அளவு கிடைக்கும்.

முதல் ஓட்டம் ராடு இல்லாமல். டை காஸ்ட் வார்ப்பில் அதிக அழுத்தத்தில் அச்சுக்குள் அடித்தபோது சிக்கிய காற்று உள்ளேயே இருக்கும். ஆர்க் பட்டதும் உருகிய உலோகக் குட்டை கொதித்துக் குமிழி விடும், பக்கத்தில் வெள்ளைப் புகையும் கரியும் படியும். பயப்பட வேண்டாம். ஆற விட்டு, அந்த ஓட்டைத் துளைகளைப் பர்ரால் எடுத்து, பிரஷ் போட்டு, மறுபடி ஒரு ஓட்டம். குட்டை அமைதியாக, கண்ணாடி போலத் தெளிவாக நிற்கும் வரை இதைச் செய்த பிறகே ராடைக் கொடுங்கள். இதற்குப் பொறுமை இல்லாமல் நேராக ராடைப் போட்டால் உள்ளே தேன்கூடுதான் மிஞ்சும்.

குட்டையைப் படிக்கக் கண் பழக வேண்டும். மக்னீசியம் உருகும் முன் சிவக்காது. மங்கிய சாம்பல் பரப்பு திடீரென வெள்ளி போல மின்னும், அந்த நொடியே ராடைத் தொட்டு எடுங்கள். இன்னும் ஒரு நொடி நின்றால் சுவர் கீழே விழுந்துவிடும். ஆர்க்கை 2, 3 மி.மீ. உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள். ராடின் முனை ஆர்கான் வாயுவை விட்டு வெளியே வரக் கூடாது. 10, 15 மி.மீ. நீளத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாமல், கொஞ்சம் இங்கே கொஞ்சம் அங்கே என்று மாற்றிப் போடுங்கள். முடிக்கும்போது கரண்டை மெதுவாகக் குறைத்து, கடைசிக் குழியை ராடால் நிரப்பி, வாயு நிற்கும் வரை டார்ச்சை அங்கேயே பிடியுங்கள். கடைசிக் குழியிலிருந்துதான் புதுக் கீறல் கிளம்பும்.

குட்டையின் ஓரத்தில் வெள்ளைச் சுடர் தெரிந்தால் உடனே பெடலை விடுங்கள், ஆர்கானை அப்படியே ஓட விட்டு டார்ச்சை அதன் மேலேயே வையுங்கள். காற்று போகாததால் சின்னச் சுடர் அணைந்துவிடும். மின்விசிறியை ஜாபின் மேல் திருப்பாதீர்கள், ஆனால் புகை வெளியே போக வழி இருக்கட்டும். ஆக்ஸைடுப் புகையை நிறையச் சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சல் போல உடம்பு நடுங்கும்.

சூட்டு ஓய்வு

ஒன்றரை சதவீதத்துக்கு மேல் அலுமினியம் உள்ள மக்னீசியக் கலவைகளில் வெல்டிங் இறுக்கம் உள்ளே தங்கும். அது தங்கியிருந்தால், ஈரமும் உப்பும் படும்போது வாரங்கள் கழித்துத் தானாகவே கீறல் விடும். அதனால் பாகத்தை ஜிக்கோடு ஓவனில் வைத்து 260 டிகிரியில் ஒரு மணி நேரம் பிடித்து, ஓவனுக்குள்ளேயே ஆற விடுங்கள். இதைத் தவிர்த்த வேலையை முடிந்த வேலையாக நான் கணக்கில் சேர்ப்பதில்லை. உணவு சமைக்கும் ஓவனை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

துளை, மரை, பேரிங்

ஆறிய பிறகு டை பெனட்ரன்ட் மறுபடி. சுத்தமாக இருந்தால் மெஷினிங். மக்னீசியம் வெண்ணெய் போல வெட்டும், ஆனால் கூர் மழுங்கிய கருவி உரசினால் சூடாகிச் சுருள் பற்றும். கூரான கருவி, தாராளமான ஃபீட் (கருவி முன்னேறும் வேகம்), உலர் வெட்டு.

ஒட்டிய காதில் மரையை நேராக உலோகத்திலேயே வெட்டாமல் ஹெலிகாயில் (கம்பிச் சுருளால் ஆன மரை) போடுவதே நல்லது. ஸ்டெயின்லெஸ் ஹெலிகாயிலும் இரும்பு ஸ்க்ரூவும் ஈரத்தில் மக்னீசியத்தை அரிக்கும். போடும்போது மரையில் ஈரமான எப்பாக்சி பிரைமர் தடவி, ஸ்க்ரூ தலைக்குக் கீழே அலுமினிய வாஷர் வையுங்கள். கடலோர ஊர்களில் இந்த இரண்டும் இல்லாமல் ஒரு மழைக்காலம் போனால் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைத் தூள் கிளம்பிவிடும்.

பேரிங்கை அடித்து ஏற்றாதீர்கள். மக்னீசியம் இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விரியும். 6201 பேரிங்கின் 32 மி.மீ. துளையை அறைச் சூட்டிலிருந்து 80 டிகிரி கூட்டினால் துளை ஏறத்தாழ 0.065 மி.மீ. பெரிதாகும். குளிர்ந்த பேரிங் தானாக உள்ளே விழும்.

பெயின்ட்

வெள்ளைப் பொடி படிந்த இடங்களை நைலான் ஸ்கிரப் பேடால் எடுத்து, அசிட்டோனால் துடைத்து, அன்றே எப்பாக்சி பிரைமர் அடியுங்கள். ஆசிட் கலந்த வாஷ் பிரைமரும் துரு மாற்றியும் மக்னீசியத்தைத் தின்னும், அவை வேண்டாம். மேலே இரண்டு கோட் பாலியூரிதேன்.

பாகங்கள் ஒன்றோடொன்று உட்காரும் முகங்களுக்கு டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். காரணம் அளவு மட்டும் இல்லை. பழைய உலோக உடல் மிஷின்கள் பலவற்றில் இரட்டைக் காப்பு கிடையாது, மூன்றாவது கம்பியான எர்த்தை நம்பித்தான் ஓடுகின்றன. ஹவுசிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் பெயின்ட் புகுந்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். மாட்டி முடித்ததும் மல்டிமீட்டரில் பிளக்கின் எர்த் முனையிலிருந்து உடலின் ஒவ்வொரு உலோகப் பாகத்துக்கும் தொடர்பைச் சரிபாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ரம்பம் என்றால் நம் 230 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

கியர் ஆயில் ஊற்றி, மிஷினை ஒரு இரவு காகிதத்தின் மேல் நிறுத்தி வையுங்கள். வெல்டிங் கோட்டில் ஈரம் தெரிந்தால் உள்ளே இன்னும் துளை இருக்கிறது. எண்ணெயை வடித்து, சுத்தம் செய்து, அந்த இடத்துக்கு ஊடுருவும் சீலன்ட் போடலாம். மறுபடி ஆர்க் வைப்பதை விட அது பத்திரம். காகிதம் உலர்ந்திருந்தால் பிளேடு இல்லாமல் பத்து நிமிஷம் ஓட்டி, ஹவுசிங் சூட்டையும் பேரிங் சத்தத்தையும் கவனியுங்கள். அப்புறம் சில நாள் வேலை செய்த பின் ஒரு முறை டை பெனட்ரன்ட் அடித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு முழு பாரம் கொடுங்கள்.